வேகமான இணைப்பு இருந்தும் மெதுவான பாதை ஏன்?

ஈப்போ, கிள்ளானில் கிளைகள் உள்ள நிறுவனம் ஒன்று, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் விபிஎன் இணைப்புக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கு, கிளைகளை நேரடியாக இணைக்கும் மெதுவான மாற்று இணைப்பும் உண்டு.

இருப்பினும், தரவு முழுவதும் மெதுவான இணைப்பிலேயே செல்லக்கூடும். பாதையைத் தேர்ந்தெடுக்கும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை, ஒரே வட்டாரத்துக்குள் அமைந்த பாதைக்கே முதலிடம் தரும். வேகத்தைப் பிறகுதான் பார்க்கும். இரு கிளைகளும் ஒரே வட்டாரமாக இருந்தாலும், விபிஎன் வழியே வரும் பாதையை ரவுட்டர் வெளி வட்டாரப் பாதையாகவே கருதுகிறது.

இதற்கான தீர்வு 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4577 ஆவணத்தில் உள்ளது. சேவை நிறுவனம் தன் இரு முனை ரவுட்டர்களுக்கிடையே ‘ஷாம் லிங்க்’ எனும் பாவனை இணைப்பை அமைத்தால், விபிஎன் பாதையும் அதே வட்டாரத்தில் சேர்ந்துவிடும். மாற்று இணைப்புக்குக் கூடுதல் ‘செலவு’ மதிப்பைக் கொடுத்தால், விபிஎன் பழுதாகும்போது மட்டுமே அது பயன்படும். மாற்று இணைப்பை வாங்குமுன் இதைக் கேட்டறிவது நல்லது.