தூதர் விலக்குரிமை யாருக்கு உரியது?

உயிருக்கு இடர் நேரினும் அஞ்சாமை நல்ல தூதனின் பண்பு என்று திருக்குறள் கூறுகிறது. அவ்விடரே தூதனுக்கு நேரலாகாது என்று கூறுவது இக்கால அனைத்துலகச் சட்டம்.

1708ஆம் ஆண்டில், இலண்டனிலிருந்த ரஷ்யத் தூதர் மத்வேயெவ், கடன் கொடுத்தோரின் முறையீட்டால் நடுவீதியில் பிடிக்கப்பட்டார். ரஷ்ய மன்னர் மகா பீட்டர் சினங்கொண்டார். ஆன் அரசியார் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அயல்நாட்டுத் தூதரைக் கைது செய்யும் ஆணை செல்லாது எனப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது.

இவ்வாறு நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கியது, 1961இல் உருவாகி 1964இல் நடைமுறைக்கு வந்த வியன்னா உடன்படிக்கை. இதன்படி, தூதரைக் கைது செய்தலோ காவலில் வைத்தலோ கூடாது. அவர் பணியாற்றும் நாட்டின் குற்றவியல் நீதிமன்றம் அவரை விசாரிக்க இயலாது. தூதரகத் தலைவரின் இசைவின்றிக் காவலர் தூதரகத்துள் நுழையலாகாது. சொந்த நிலம், வாரிசுரிமை, சொந்த வணிகம் ஆகியவை பற்றிய உரிமையியல் வழக்குகளுக்கு மட்டும் விலக்கில்லை.

இத்துணைச் சலுகை எதற்காக? பகை மூண்ட காலத்திலும் இரு நாடுகள் பேசிக்கொள்ள வழி வேண்டும். தன் தூதர் அயல்நாட்டில் அச்சமின்றிப் பணியாற்ற விரும்பும் நாடு, தன்னிடம் வந்த தூதரையும் அவ்வாறே காக்க வேண்டும். இச்சலுகை தனியாளின் நன்மைக்கன்று என உடன்படிக்கையின் முகப்புரையே தெளிவாக்குகிறது. அந்நாட்டுச் சட்டத்தை மதித்தல் தூதரின் கடமை என்றும் அது விதிக்கிறது.

ஆயினும் தூதரே குற்றம் புரிந்தால்? 2009 டிசம்பரில் சிங்கப்பூரில், ருமேனியத் தூதரகப் பொறுப்பாளர் ஓட்டிய கார் மோதி மலேசியர் ஒருவர் உயிரிழந்தார், இருவர் காயமுற்றனர். அவர் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலே நாடு திரும்பினார். எனினும் குற்றம் மறைந்துவிடவில்லை. ருமேனிய நீதிமன்றமே அவரை விசாரித்தது. 2014இல் மேல்முறையீட்டில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தூதரின் சொந்த நாட்டுச் சட்டத்திலிருந்து விலக்குரிமை அவரைக் காப்பதில்லை.

மற்றொரு வழியும் உண்டு. 1997 ஜனவரியில் வாஷிங்டனில், மது அருந்திக் காரோட்டிய ஜார்ஜிய நாட்டுத் தூதரக அதிகாரியால் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். ஜார்ஜிய அரசு அவருக்குரிய விலக்குரிமையைத் தானே கைவிட்டது. அமெரிக்க நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

அனுப்பிய நாடு இவ்விரண்டையும் செய்ய மறுத்தால், ஏற்ற நாட்டின் கையில் எஞ்சுவது அவரை வேண்டாதவரென அறிவித்து வெளியேற்றும் உரிமையே. உயிரிழந்தோரின் குடும்பத்தார்க்கு அஃது ஆறுதல் ஆகாது. ஆகவே நீதி கிட்டுவதும் கிட்டாமற் போவதும் பெரிதும் தூதரை அனுப்பிய நாட்டைப் பொறுத்ததாகும். விலக்குரிமை தூதரின் உடைமையன்று; அவர் நாட்டின் உடைமை. அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதும் அந்நாடே.