மயிலாப்பூர் வாத்தியாரும் மாமல்லபுரத்துப் பாறையும்

வாத்தியார் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? கையில் பிரம்பு, மடியில் பொடிமட்டை, தோளில் துண்டு, பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே ஒரு குட்டித் தூக்கம்! பத்திரிகை ஜோக்குகளில் இத்தனை வருஷமாக நாம் வளர்த்துவிட்ட ஆசாமி அவர்தான். மாமியாருக்கும் டாக்டருக்கும் அடுத்தபடியாக ஜோக் எழுதுகிறவர்களிடம் அதிகம் மாட்டிக்கொண்டவர் வாத்தியார்தான்.

இந்தக் கட்டுரையின் கதாநாயகரும் ஒரு வாத்தியார்தான். காலேஜ் புரொபசர் இல்லை. சென்னை சாந்தோமில் நகராட்சிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். கால் நூற்றாண்டு அதே சாக்பீஸ், அதே கரும்பலகை. ஆனால் சாயங்காலம் ஸ்கூல் மணி அடித்தால் இவருக்கு வேறொரு வேலை ஆரம்பமாகிவிடும். பத்திரிகைகளுக்கு எழுதுவது. அப்படி எழுதி எழுதியே, பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய காரியத்தைத் தனி ஆளாகச் செய்துவிட்டுப் போனார்.

பெயர், மயிலை சீனி. வேங்கடசாமி.

பாதியில் நின்ற படிப்பு

1900 டிசம்பர் 16-ம் தேதி மயிலாப்பூரில் பிறந்தவர். அப்பா சித்த வைத்தியர். பையனுக்குப் படம் வரைவதில் ஆசை. எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டு நிலைமை விடவில்லை. படிப்பு பாதியில் நின்றது. அப்புறம் நீதிக்கட்சியின் 'திராவிடன்' நாளிதழில் வேலை. அதன் பிறகு ஆசிரியர் பயிற்சி, பள்ளிக்கூடம். 1955-ல் ரிடையர் ஆகும்வரை வாத்தியார் உத்தியோகம்தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளம் ஆரம்பப்பள்ளி வாத்தியார் சம்பளம். அதில் புத்தகம் வாங்க வேண்டும், ஊர் ஊராகப் போய்க் கோயிலையும் கல்வெட்டையும் பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கு மானியம், உதவியாளர், ஜீப் என்று எதுவும் கிடையாது. பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொண்டார். கன்னடமும் மலையாளமும் கற்றார். கண்டுபிடித்ததையெல்லாம் 'குடிஅரசு', 'ஊழியன்', 'ஆனந்தபோதினி', 'செந்தமிழ்ச் செல்வி' என்று பத்திரிகைகளில் எழுதினார்.

அந்த எழுத்தைப் படித்துப் பாருங்கள். சின்னச் சின்ன வாக்கியம். ஒரு விஷயத்தைச் சொல்லி, அதற்கு ஆதாரம் காட்டி, பிறகுதான் அடுத்ததுக்குப் போவார். பண்டிதர் தமிழ் கோலோச்சிய காலத்தில் இப்படி ஒரு நடை! நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் புரிய வேண்டும் என்று பேசிப் பழகியவருக்கு வேறு மாதிரி எழுத எப்படி வரும்?

'காணவில்லை' விளம்பரம்

1936-ல் 'கிறித்தவமும் தமிழும்' என்று ஒரு புத்தகம் போட்டார். 1940-ல் 'பௌத்தமும் தமிழும்'. 1954-ல் 'சமணமும் தமிழும்'. மூன்று மதத்துக்கும் தமிழுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை மூன்று புத்தகத்தில் கணக்கெழுதிவிட்டார். பிறப்பால் இவர் கிறிஸ்தவரும் இல்லை, பௌத்தரும் இல்லை, சமணரும் இல்லை. "இவர் யார் கட்சி?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது வராத பிள்ளையின் பெயரையும் வாசிக்கத்தானே வேண்டும்? இவர் தமிழ்நாட்டுச் சரித்திரத்துக்கே வருகைப்பதிவு எடுத்தார்.

1959-ல் வந்தது 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. பேப்பரில் 'காணவில்லை' என்று போட்டோவோடு விளம்பரம் வருகிறதல்லவா? அந்த மாதிரிதான். பெயர் மட்டும் தெரிந்து, சுவடி கிடைக்காமல் போன நூல்களைப் பட்டியல் போட்டு, பழைய உரைகாரர்கள் எங்கேயாவது அதிலிருந்து எடுத்துக்காட்டிய பாட்டு இருந்தால் அதையும் பொறுக்கிச் சேர்த்தார். கண்டுபிடித்துத் தருபவருக்குத் தக்க சன்மானம் என்று போடாததுதான் பாக்கி!

எழுபது வயது தாண்டிய பிறகும் சும்மா இருக்கவில்லை. களப்பிரர் காலம் என்றால் 'இருண்ட காலம்' என்று நம் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் விளக்கை அணைத்துவிடும். இருட்டு அந்தக் காலத்தில் இல்லை, நமக்குத்தான் தெரியவில்லை என்று 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்' எழுதி வாதாடினார்.

செங்கல்பட்டுப் பக்கம்

இவர் மனசு அடிக்கடி போய் நின்ற ஒரு சீமை உண்டு. பல்லவர் சீமை. மகேந்திரவர்மனைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். அவன் மகன் நரசிம்மவர்மனைப் பற்றி இன்னொன்று. மகேந்திரன் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தைத் தமிழில் கொடுத்தார். காஞ்சிபுரத்துத் தெருவில் குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுத் திருவோட்டைத் தொலைத்துவிடுகிறான். பௌத்த பிக்குதான் திருடினார் என்று மல்லுக்கு நிற்கிறான். கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ராஜா எழுதிய காமெடி இது.

செங்கல்பட்டு ஊரை ஒட்டியே வல்லம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. குன்றில் குடைந்த கோயில். மகேந்திரனுக்கு அடங்கிய வசந்தப்பிரியரசர் என்பவருடைய மகன் கந்தசேனன் அதைச் செய்வித்தான் என்று அங்கேயே தமிழில் கல்வெட்டு இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோடில் வேகமாகப் பறக்கிறவர்களில் எத்தனை பேர் அங்கே திரும்புகிறோம்? நம் வாத்தியார் தம் வாசகர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது இந்த மாதிரிக் குகைகளைத்தான்.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். வாத்தியார் காலத்தில் அது செங்கல்பட்டு ஜில்லா. நடுவில் காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்தது. 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கே வந்துவிட்டது. ஊர் நகரவில்லை, போர்டுதான் நகர்ந்தது.

அர்ச்சுனனா, பகீரதனா?

மாமல்லபுரத்தில் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் அந்தப் பெரிய பாறைச் சிற்பம். கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம். நடுவில் ஒரு பிளவு, அதில் நாகர்கள். யானைக் கூட்டம், தேவர்கள், ஒற்றைக் காலில் தவம் செய்யும் ஒருவர், அவரைப் பார்த்து அதே மாதிரி நிற்கும் திருட்டுப் பூனை. 'அர்ச்சுனன் தபசு' என்பது ஒரு கட்சி. இல்லை, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்பது இன்னொரு கட்சி.

1950-ல் நம் வாத்தியார் மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பித்தார். 'மகாபலிபுரத்து ஜைன சிற்பம்' என்று புத்தகத்துக்கே பெயர் வைத்தார். இரண்டாம் தீர்த்தங்கரர் அஜிதநாதர் காலத்துச் சகர சக்கரவர்த்தியின் பிள்ளைகள் கதை இது என்றார். கைலாயத்தில் பரதன் கட்டிய கோயில்களைக் காக்க அவர்கள் அகழி வெட்டி, கங்கையைத் திருப்பிவிடுகிறார்கள். தண்ணீர் நாகலோகத்துக்குள் புகுந்துவிட, நாகராஜன் கோபத்தில் எல்லோரும் சாம்பல். பிறகு வெள்ளத்தைக் கடலுக்கு நடத்திக்கொண்டு போகிறவன் சகரனின் பேரன் பகீரதன்.

இந்தக் கதையை மனசில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாறைக்கு எதிரே நின்றேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி.

"இது அர்ச்சுனன் தபசு சார்."

"பகீரதன்னும் சொல்றாங்களே?"

"அதுவும் சரிதான் சார்."

"சமணக் கதைன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே?"

"அப்படியா! யாரு சார், ஃபாரின்காரரா?"

"இல்லைங்க. சாந்தோம் ஸ்கூல் வாத்தியார்."

அவர் கொஞ்ச நேரம் பாறையையே பார்த்தார். "வாத்தியாரா? அப்ப நிஜமாவே நின்னு பார்த்திருப்பாரு சார். நம்ம பார்ட்டிங்க போட்டோ எடுத்துட்டு உடனே இளநீர் கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

வாத்தியார் சொன்னதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. தவசிக்குப் பக்கத்தில் நான்கு கைகளோடு, பூதகணங்கள் சூழ நிற்பவர் சிவன் என்றால் சமணக் கதையில் அவருக்கு என்ன வேலை? எனக்கும் அந்த இடத்தில் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நடுப் பிளவையும், அதில் கைகூப்பி எழும் நாகர்களையும் பார்க்கும்போது, 'அட, மனுஷர் சும்மா சொல்லவில்லை' என்று தோன்றாமலும் இல்லை.

அவருடைய பெருமை விடை சரியா தப்பா என்பதில் இல்லை. பெரிய பெரிய துரைமார்களும் பண்டிதர்களும் தீர்ப்பு எழுதிவிட்ட ஒரு பாறையின் முன்னால் போய், "இன்னொரு தடவை பார்க்கலாமே" என்று ஒரு ஆரம்பப்பள்ளி வாத்தியார் சொன்னார். ஓவியப் பள்ளியில் பாதியில் நின்ற கண்ணை வைத்துக்கொண்டு சொன்னார். ஆதாரத்தைப் பக்கத்திலேயே வைத்தார். மறுக்க வேண்டுமானால் நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மறுக்க வேண்டும்!

1980-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பட்டம் கொடுத்துப் பாராட்டியது. அதே வருஷம் ஜூலை 8-ம் தேதி காலமானார். அப்போது வயது எழுபத்தொன்பது. பிறந்து நூறாண்டு ஆன சமயத்தில் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. இப்போது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிள்ளை குட்டி இல்லாதவரின் சொத்து ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த லீவுக்குப் பிள்ளைகளோடு மாமல்லபுரம் போகிறீர்களா? இளநீர் பிறகு ஆகட்டும். அந்தப் பாறைக்கு எதிரே நிறுத்தி, "இது யார் கதைன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்று ஒரு பத்து நிமிஷம் கொடுத்துப் பாருங்கள். நாலாவது கட்சி உங்கள் வீட்டிலிருந்தே கிளம்பினாலும் கிளம்பும்.