கர்ப்பப்பை எடுத்த சீட்டு எங்கே?

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், எலும்பு கரையும் வேகம் அது மீண்டும் உருவாகும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது; இதைத் தடுக்க ஹார்மோன் சிகிச்சை உண்டெனினும், எந்த ஹார்மோன் பொருந்தும் என்பதை முதலில் தீர்மானிப்பது கர்ப்பப்பை இருக்கிறதா என்பதே. ஆனால் வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்கள் பலர், டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைத்துவிட்டு, சூலகங்களும் எடுக்கப்பட்டனவா என்றுகூட அறியாதிருக்கின்றனர்.

கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டால் அதன் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால், புரோஜெஸ்டோஜன் என்னும் ஹார்மோனும் சேர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், இக்கூட்டு மருந்து இடுப்பெலும்பு முறிவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது; மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டு ஆகியவற்றையோ கூட்டியது. கர்ப்பப்பை நீக்கப்பட்டோருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த 2004 ஆய்விலும் முறிவு குறைந்தது. பக்கவாதம் கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. ஹார்மோன் அல்லாவிடினும் எலும்பில் அதுபோலச் செயல்படும் ரலாக்ஸிஃபீன், முதுகெலும்பு முறிவைக் குறைத்தாலும் இடுப்பெலும்பைக் காப்பதாக நிறுவப்படவில்லை. ஹார்மோனின் இந்த ஆபத்துகளால், 60 வயதைக் கடந்தவருக்கு எலும்புக்காக மட்டும் ஹார்மோன் தொடங்குவது வழக்கமன்று. அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளே தரப்படுகின்றன. 45 வயதுக்கு முன்பே இரு சூலகங்களையும் இழந்தவருக்கோ, தடையேதும் இல்லையெனில், சுமார் 50 வயது வரை ஹார்மோன் பரிந்துரைக்கப்படுகிறது.

இத்தனையும் ஒரு சீட்டைச் சார்ந்திருப்பதால், அதைப் பெறும் வழி தெரிந்திருக்க வேண்டும். உள்நோயாளிப் பதிவேட்டை மூன்றாண்டுகள் காக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் மருத்துவர்களைக் கட்டாயப்படுத்துகின்றன. பெயர், சேர்க்கப்பட்ட தேதி, உள்நோயாளி (ஐ.பி.) எண் ஆகியவற்றுடன், டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் எழுத்தில் கேட்டு, மனு பெற்றதற்கான ஒப்புகையை வாங்க வேண்டும். ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மருத்துவமனைகளில் "நாளைக்கு வா" என்னும் பதிலே கிடைக்குமானால், 10 ரூபாய்க் கட்டணத்தில் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு அளிக்கலாம். அவர் 30 நாளுக்குள் பதிலளித்தாக வேண்டும். மூன்றாண்டு கடந்தால் பதிவேடே இல்லாமற்போகலாம். எனவே தள்ளிப்போடக் கூடாது. சீட்டு கிடைக்காவிடினும், கர்ப்பப்பை உண்டா என்பதை ஸ்கேன் காட்டிவிடும்.

பக்கத்து வீட்டார் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் ஹார்மோன் வாங்குவது, கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துவிடக்கூடிய ஆபத்தான அலட்சியம். மருத்துவர் சீட்டின்றி விற்கும் கடையும் சட்டத்தை மீறுகிறது. மீண்டும் சொல்ல வேண்டியது இது: மருத்துவர் சீட்டின்றி ஹார்மோன் வேண்டாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் சொட்டு இரத்தம் பட்டாலும், மாத்திரையின் விளைவு என்று தாமே முடிவுகட்டாமல், அந்த வாரமே மகளிர் நோய் ஓ.பி.க்குச் செல்ல வேண்டும்.