ஒரே இனம், மூன்று மரியாதை

கோம்பை என்ற ஊரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு நாய்தான் நினைவுக்கு வரும். செவலை உடம்பும் கருத்த மூஞ்சியுமாக, ஒரு காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன நாய். இந்தப் பக்கத்தில் பன்றிக்கு மூன்று விதமான மரியாதை உண்டு. காட்டுப்பன்றிக் கறி பற்றிப் பெரியவர்கள் இன்றும் சப்புக்கொட்டிப் பேசுவார்கள். வேட்டைக்குப் போனால் வனத்துறை வழக்கு வரும் என்பது வேறு விஷயம். சாக்கடையோரம் மேயும் கருப்பு ஊர்ப்பன்றி என்றாலோ முகம் சுளிப்பார்கள். மூன்றாவது, ‘வெண்பன்றி இறைச்சி கிடைக்கும்’ என்று போர்டு மாட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கடையில் தொங்குவது. விலங்கியல் கணக்கில் மூன்றும் ஒரே இனம்: சூஸ் ஸ்க்ரோஃபா.

கடைக்கு வருகிறவர் விலை கேட்கும் முன்னே, “அண்ணே, பண்ணைப் பன்னிதானே?” என்கிறார். கடைக்காரர் தோலோடு இருக்கும் ஒரு துண்டைத் திருப்பிக் காட்டுகிறார். வெள்ளைத் தோல்தான் சான்றிதழ். இன்னொருவர், “மூலத்துக்கு நல்லதுன்னாங்க” என்று யாரும் கேட்காமலே காரணம் சொல்லி, அரைக் கிலோவைக் கருப்புக் கேரி பேக்கில் வாங்கிப் போகிறார். மூலத்துக்கு மலச்சிக்கல் ஒரு முக்கியக் காரணம். அதற்கு வேண்டிய நார்ச்சத்து எந்தக் கறியிலும் கிடையாது. கூச்சத்துக்கு மருந்து என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

பண்ணைகளில் பரவலாக வளர்வது இங்கிலாந்திலிருந்து வந்த லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். அதையும் தெருவில் அவிழ்த்துவிட்டால் ஊர்ப்பன்றி தின்பதைத்தான் தின்னும். பயப்பட வேண்டியது நிறத்துக்கு அல்ல, நாடாப்புழுவுக்கு. புழு இருக்கும் மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் அவை அரிசிமணி போலக் கட்டிகளாகும். வேகாத கறியோடு கட்டி உள்ளே போனால் குடலில் புழு வளரும். குழம்பில் நன்றாக வெந்துவிட்டால் கட்டி செத்துவிடும்.

ஆனால் இதே புழுவால் வந்து வலிப்பை உண்டாக்கும் மூளைக்கட்டி கறியிலிருந்து நேராக வருவதில்லை. மலத்தில் இருக்கும் முட்டை அழுக்குக் கை வழியாகவோ, கழுவாத கீரை வழியாகவோ வயிற்றுக்குள் போனால்தான் வரும். பன்றிக்கறியைத் தொடவே தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களில் இந்த நோய் வந்ததை மருத்துவர்கள் 1992இல் எழுதினார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மூலம் முட்டை பரவியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய் இது. பழி பன்றிமேல், மலம் நம்முடையது.

ஐரோப்பாவில் கவலை வேறு. சினைப்பன்றி திரும்பக்கூட முடியாத கம்பிக்கூண்டில் அடைபடுவதை அங்கே மக்கள் எதிர்த்தார்கள். 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், சினையான முதல் நான்கு வாரம் கழிந்தால், குட்டி போடுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை கூண்டு கூடாது. நம் கடைகளில் கூண்டைப் பற்றிய கேள்வியை நான் இதுவரை கேட்டதில்லை.

இங்கே உடனே கேட்க வேண்டியது தீவனத்தைப் பற்றி. சிறு பண்ணைகள் பலவும் ஓட்டல் மிச்சத்தை நம்பி ஓடுபவை. அதில் கிடக்கும் பன்றி இறைச்சித் துணுக்கில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸ் பிழைத்திருக்கும். மனிதரை அது ஒன்றும் செய்யாது. பன்றிகளில் வெள்ளை, கருப்பு, காடு என்று பார்க்காமல் கொல்லும். தடுப்பு மிச்சத்தை நன்றாகக் கொதிக்கவைப்பதுதான். 2020இல் அசாமில் தெரியவந்த நோய், 2022இல் வயநாட்டுக்கும் பிறகு இடுக்கிக்கும் வந்தது. இடுக்கியின் ராமக்கல்மேட்டில் நின்றால் கீழே கோம்பை தெரியும்.

“மிச்சச் சோத்தக் கொதிக்க வச்சுத்தான் போடுறாங்களாண்ணே?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“நல்ல வெள்ளப் பன்னிங்க” என்று தோலைத் திருப்பிக் காட்டினார்.