யந்திரமும் தொழிலாளியும்

திருமுருகன்பூண்டி வட்டாரத்துப் பின்னலாடைத் தொழிற்சாலைகளில் புது யந்திரம் வந்திறங்கினால், எத்தனை பேருக்கு வேலை போகும் என்ற கேள்வியே முதலில் எழுகிறது. அக்கவலை நியாயமானதே. ஆயினும், யந்திரத்தோடு மனிதர் எவ்வாறு கூடி உழைப்பது என்பதையும் ஆராய்தல் அவசியம் என்போம்.

அகமதாபாத் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவியும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அதை ஆராய்ந்தார். ஆளுக்கொரு துண்டு வேலையாகப் பிரித்து, ஒருவருக்கொருவர் தொடர்பறச் செய்ததே கோளாறு எனக் கண்டார். சிறு குழுக்கள் பொறுப்பேற்கலாம் என்றதும் தொழிலாளரே முன்வந்து குழு அமைத்தனர். உற்பத்தி பெருகிற்று; பழுதுத் துணி குறைந்தது.

நம் சர்வகலாசாலைகளின் பொறியியல், மனோதத்துவ, பொருளாதார நிபுணர்கள் ஒன்றுகூடித் திருப்பூருக்கு வரட்டும். தையற்காரரின் அநுபவத்தைக் கேளாத ஆராய்ச்சி அரை ஆராய்ச்சியே.