வண்டியின் திசைகாட்டி

மோட்டார் வண்டியில் அமைந்த மின்னணுத் திசைகாட்டி சிற்சில வேளை பிழைபடக் காட்டுவதேன்? அதனைத் திருத்துமாறு யாது? இவ்விரண்டையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் பக்கத்தில் பூமியின் காந்தவிசை சுமார் 40,000 நானோடெஸ்லா, மிக மெலிந்தது. வண்டியின் காந்தமேறிய இரும்பும் ஒலிபெருக்கியும் தம் விசையை அதனோடு கலந்து கருவியை மயக்குகின்றன. இரும்புக் கப்பல்களில் நேர்ந்த இம்மயக்கத்தை 1838இல் ஜார்ஜ் ஏரி என்னும் வானநூற் புலவர் ஆராய்ந்து, காந்தங்களும் இரும்பும் வைத்துத் திருத்தினார். இன்று அப்பணியைக் கணிதம் செய்கின்றது.

வண்டி முழுவட்டமாகத் திரும்புங்கால், பூமியின் விசை கருவிக்குச் சுழன்று தோன்றும். வண்டியின் விசையோ உடன் திரும்புதலால் மாறாது நிற்கும். அளவுகளை வரையின் ஒரு வட்டம் அமையும். அதன் நடுப்புள்ளி விலகியிருக்கும். அவ்விலக்கத்தைக் கழித்தலே முதன்மையான திருத்தமாம்.

தொப்பம்பட்டியைச் சூழ்ந்த வெளிநிலம் இதற்கு ஏற்றது. மின்கோபுரம், பாலம், இரும்புக் கூரை ஆகியவற்றினின்று விலகி, வண்டியின் கையேட்டிற் சொல்லியவாறு கருவியை ஆயத்தஞ் செய்து, இரண்டு மூன்று வட்டம் மெல்ல ஓட்டுக. பின்னர்ப் பழனிமலையை நோக்கி நிறுத்துக. ஏறக்குறையத் தெற்கெனக் காட்டின் நன்று. காந்தமுள்ள கைப்பேசித் தாங்கியைப் புதிதாகப் பொருத்தின், மீண்டும் செய்தல் வேண்டும்.

காந்த நடுவரைக்கு நாம் அண்மையில் இருத்தலின், ஈண்டு விசை ஏறக்குறையக் கிடையாகவே செல்கின்றது. ஆதலின், கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டி சாயினும், சாய்வால் வரும் பிழை வடநாடுகளிற்போல் மிகாது.

செயற்கைக்கோள் வழிகாட்டி இடத்தை உணர்த்தும். நிற்கும் வண்டியின் முகம் எத்திசை என்பதைப் பொதுவாக உணர்த்தாது. இரவில், பெயர்ப்பலகையற்ற நாற்சந்தியில் நிற்பார்க்குத் திருந்திய திசைகாட்டியே துணையாம்.