கிடேரிக்கு ‘கன்று வீச்சு’ ஊசி... கன்றைப் பிடிப்பவரும் உஷார்!

‘கோமாரி ஊசி போட வெறும் கையோடு வந்தவர், கன்று வீச்சு ஊசிக்கு மட்டும் கையுறை, கண்ணாடி மாட்டிக்கொண்டு வருகிறார். இது ஆபத்தான மருந்தா?’ என்று அல்லிநகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கிடேரிக்கு ஆபத்து இல்லை. கவனமாக இருக்க வேண்டியது கன்றைப் பிடிப்பவர்தான். கோமாரி தடுப்பூசியில் இருப்பது செயலிழந்த கிருமி. கன்று வீச்சு நோய்க்கான (புரூசெல்லோசிஸ்) எஸ்-19 தடுப்பூசியில் இருப்பதோ உயிருள்ள கிருமி. 1923-ல் ஜான் பக் என்ற விஞ்ஞானி, பசும்பாலில் பிரித்தெடுத்த கிருமியை ஓராண்டுக்கும் மேல் ஆய்வக மேஜையிலேயே விட்டுவிட, அது வீரியம் குறைந்துபோனது. அதுதான் இன்றும் தடுப்பூசி. மாட்டுக்கு அது சாது. மனிதருக்கு அப்படியல்ல. ஊசி முனை விரலில் குத்தினாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும்.

கன்று துள்ளும்போதுதான் இந்த விபத்து நடக்கிறது. அதனால் தலையையும் பின்காலையும் கெட்டியாகக் கட்டிய பிறகே ஊசி. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்டே நிற்க வேண்டாம். குத்திவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டு அலசுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘புரூசெல்லா எஸ்-19 மாட்டு ஊசி பட்டுவிட்டது’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டைபாய்டு, மலேரியா என்று தேடியே நாள் போகும்.

4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே தடவை. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். காளைக் கன்றுக்குப் போட்டால் விதை வீங்கலாம். சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையலாம். கன்றுக்குச் சமீபத்தில் ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தடுப்பூசியின் பலன் போய்விடும். மருந்து ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். கரைத்ததை அப்போதே தீர்க்க வேண்டும். மிச்சத்தையும் காலி குப்பியையும் தொழுவத்தில் வாங்கி வைக்காதீர்கள். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் லேசான காய்ச்சல், வீக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் மலைமாடு கிடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஐந்து மாதத்துக்கு மேல் சினையாக இருக்கும் மாடு கன்று வீசினால், மற்ற மாடுகள் அதை முகர்ந்து, நக்கி, கிடைக்கே நோய் பரவும். வெறும் கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். அந்த மாட்டைத் தனியே கட்டி, 1962-க்குப் போன் செய்து ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம்.